இரண்டாவது பெட்டி

கேசவன் அண்ணா என்னிடம் கேட்டது ஒரு நேரம் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி ஜானகி அக்கா டிவி ரிமோட்டைக் கடைசியாக எத்தனை மணிக்கு அழுத்தினார் என்ற நேரம். பதில் மறுநாள் காலையிலேயே என் கைக்கு வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் நான் நல்லவனாகத் தெரிய வழியே இல்லை, அதனால் அந்தக் கவலை இல்லாமல் எழுதலாம்.

அவர் முழுப்பெயர் ஆதிகேசவன். தொம்மலூரில் கண்ணாடி ஆபீஸ்களுக்குப் பின்னால் பழைய ஊர் இருக்கிறதே, இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று திண்டாடும் சந்துகள், அங்கே 'கேபிள் கேசவன்' என்றால்தான் தெரியும். அவருடைய அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பெயின்ட் வேலைக்கு வந்தவர். அண்ணா இங்கேயே பிறந்து வளர்ந்தார். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார். இருபத்தைந்து வயதில் யாருடைய மொட்டை மாடியிலோ ஒரு டிஷ்ஷை நட்டு, நாற்பது வீட்டுக்குக் கேபிள் இழுத்துத் தொழிலை ஆரம்பித்தார். எனக்கு அவர் பழக்கமானபோது வயது ஐம்பத்தாறு, கையில் ஐநூறுக்குக் கொஞ்சம் குறைவான வீடுகள். தலையில் முடி போயிருந்தது, நடையில் வேகம் போகவில்லை.

நான் லாயிட். அல்சூரில் இருக்கிறேன். அண்ணாவைப் போன்ற சின்ன ஆப்பரேட்டர்களைத் தன் கீழே வைத்து நடத்தும் ஒரு கம்பெனியில் ஏரியா ஆபீசர். மேலே இருப்பவர்கள் சொல்கிற எண்ணைக் கீழே இருப்பவர்களிடம் போய்ச் சொல்லுவது என் வேலை. சொல்லுகிறவன் மேல் எண்ணின் பாரம் விழாது என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

எங்கள் தொழிலில் இப்போது புது வீடு கிடைப்பதில்லை. பிள்ளைகள் போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள், புதிதாகக் குடித்தனம் வருகிறவர்கள் இணைப்பே கேட்பதில்லை. இருக்கிற வீட்டிலும் மாதம் நாலைந்து கழன்றுகொள்ளும். ஆகவே கம்பெனி வேறு வழி கண்டுபிடித்தது. வீடு கூடாவிட்டால் போகிறது, ஒரு வீட்டிலிருந்து வருவதைக் கூட்டு. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக வருகிற அந்தத் தொகைக்கு ஆபீசில் 'ஆர்பு' என்று பெயர். காலையில் கர்த்தர் பெயரைச் சொல்கிறோமோ இல்லையோ, ஆர்பு பெயரைச் சொல்லிவிடுவோம். சாதாரணப் படம் பார்க்கிறவரை ஹெச்டிக்கு ஏற்று. விளையாட்டைத் தனி பேக்காக விற்றுவிடு. இன்டர்நெட்டைச் சேர்த்துக் கட்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் இரண்டாவது பெட்டி, அதாவது அதே வீட்டில் இன்னோர் அறைக்கு இன்னோர் இணைப்பு, பாதி விலையில். பாதி விலைக்குக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று நினைப்பீர்கள். இரண்டு பெட்டி இருக்கிற வீடு எங்களை விட்டு லேசில் போகாது. கணவன் வேண்டாம் என்றால் மனைவி விடமாட்டாள், அவள் வேண்டாம் என்றால் மாமியார் விடமாட்டார்.

இந்த இரண்டாவது பெட்டியை விற்பதில் கேசவன் அண்ணா கெட்டிக்காரர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஒரு வீட்டுக்குப் போவார். ஒயரைச் சும்மா தொட்டுப் பார்ப்பார். கண் மட்டும் ஆட்கள் மேல் இருக்கும்.

"டிவியப் பாக்குறவங்கள வுடு சார். மூஞ்சியத் திருப்பிக்கினு ஒருத்தர் ஒக்காந்துகினு இருப்பாங்க பாரு, அவங்கதான் நம்ம பார்ட்டி," என்பார்.

அந்த ஆளிடம் போய் மெதுவாக, "ஒங்களுக்குன்னு ஒண்ணு போட்டுக்கினா இன்னாம்மா?" என்று கேட்பார். பாதிப் பேர் சரி என்றுவிடுவார்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு பார்க்கிற வீடாக இருந்தால் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிடுவார். அதற்காக நான் அவரைத் திட்டியிருக்கிறேன். "சிரிக்கிற வீட்டுல எதுக்கு சார் செவுரு?" என்றார் ஒருமுறை. எனக்கு எரிச்சலாக வந்தது. சுவர் எழுப்பத்தானே எங்களுக்குச் சம்பளம்.

இந்த வருடம் மார்ச்சில் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது. எண் தேறாத ஏரியாக்களை எடுத்துப் பக்கத்து ஆப்பரேட்டரிடம் சேர்த்துவிடுவது. தொம்மலூருக்கு மாத முடிவுக்குள் இருபது இரண்டாவது பெட்டி வேண்டும். முப்பதாம் தேதி அண்ணாவிடம் பத்தொன்பது இருந்தது. முப்பது வருடம் கட்டிய ஏரியா, ஒரு பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்லயே ஒண்ணு போட்டுடுங்கண்ணா," என்றேன் நான்.

இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். எண் குறைந்தால் சொந்த வீட்டில், மச்சான் வீட்டில், கடை மூலையில் ஒரு பெட்டியை மாட்டி மாதத்தை முடிப்பார்கள். கம்பெனிக்கும் அது தெரியும். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். புதுப் பெட்டி மூன்று மாதம், தினமும் இரண்டு மணி நேரமாவது ஓட வேண்டும், ஓடாவிட்டால் போலி என்று கழித்துவிடுவார்கள். அது ஓடுகிறதா என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? புதுப் பெட்டிகள் எல்லாம் இன்டர்நெட்டோடு இணைந்தவை. எந்தச் சேனல், எத்தனை மணிக்கு, ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று ஆபீசுக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். யார் தலையில் எந்தப் பேக்கைக் கட்டலாம் என்று அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

அன்றைக்கே பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனோம். முன்னறை, உள்ளறை, சமையலறை, அவ்வளவுதான் வீடு. ஜானகி அக்கா கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் பல வருடம் மெஷின் மிதித்து, முழங்கால் போனபிறகு வீட்டில் இருந்தார். ஒரே மகள் ஷில்பா, அத்திபெலேயில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் சும்மா கிடந்த பழைய டிவியை உள்ளறையில் வைத்தோம்.

"எனக்கு எதுக்கு லாயிட் தம்பி தனியா ஒண்ணு?" என்றார் அக்கா. "இவர் கூட ஒக்காந்து பாத்துப் பாத்து எனக்குக் கிரிக்கெட்டே பழகிப்போச்சு."

"எங்க பாக்குற நீ? அவன் ஏன் வாடிப்போய் இருக்கான், இவனுக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டுக்கினே இருப்ப. ஒரு ஓவர் நிம்மதியா பாக்க வுட்டுருக்கியா?"

"கேட்டா இன்னா? ஊட்டுப் பையன் மாதிரி இருக்கான், கேட்டேன்."

அண்ணா அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஏரியா போய்விடும் என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"மூணு மாசந்தான், ஜானகி. தெனம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் உள்ள ஒக்காந்து பாரு. நமக்கோசரம்."

"சரி வுடு. திரும்பியும் டூட்டிக்குப் போறேன்னு நெனைச்சிக்கிறேன்," என்றார்.

அப்படியேதான் பேர் வைத்துவிட்டார். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும், "நான் டூட்டிக்குப் போறேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாராம். ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. ஷில்பாவைப் பார்க்க அத்திபெலேக்குப் போனாலும் நேரத்துக்குத் திரும்பி வந்து பெட்டியைப் போட்டுவிடுவார். இருபதாவது பெட்டி கணக்கில் நின்றது, ஏரியாவும் நின்றது. நான் ஆபீசில் பாராட்டு வாங்கினேன்.

ஏழாவது வாரம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் ஒரு பெரிய மேட்ச். இரண்டு மணிக்கு அக்கா டூட்டிக்குப் போனார், உள்ளே ஏதோ பழைய படம் போட்டுக்கொண்டார். அண்ணா முன்னறையில் மேட்ச் பார்த்தார். நடு இடைவேளையில், பக்கத்துத் தெருவில் படம் வரவில்லை என்று போன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்தார். அந்த வீட்டிலேயே டீ கொடுத்தார்கள், குடித்தார். ஆறு மணிக்குச் சற்று முன்னால் திரும்பி வந்து மறுபடி மேட்சில் உட்கார்ந்தார். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன அவசியம் என்று யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

ஆறரைக்கு அக்கா விளக்கேற்றுவார். ஆறு நாற்பதாகியும் வீடு இருட்டாகவே இருந்தது. அண்ணா குரல் கொடுத்தார். உள்ளே போனால் அக்கா தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கண் மட்டும் திறந்திருந்தது. டிவியில் அதே மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு அண்ணா ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கவாதம், மூளையில் ரத்தக் கட்டு. கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, ஆனால் விழுந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் மூளையில் ரத்தம் கசிந்து அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும் என்றார் டாக்டர். அதனால் அவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள் என்பது.

"ரெண்டு மணிக்கு," என்றார் அண்ணா.

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ரிஸ்க் எடுக்க முடியாது என்றார்.

அப்போதுதான் அண்ணாவுக்கு அந்த யோசனை வந்தது. ஏழரைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் சர்ச்சில் சாயங்காலப் பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

"சார், அவ படம் பாத்துக்கினு இருந்தா. நான் போய்ப் பாக்குறப்ப மேட்ச் ஓடுது. அவதான மாத்தியிருக்கணும்? டிவி தானா ஓடும் சார், பட்டன் தானா அமுங்காதுல்ல? மாத்துனப்ப நல்லா இருந்திருக்கா. எத்தினி மணிக்கு மாத்துனான்னு ஒங்க சிஸ்டத்துல இருக்கும். டாக்டர் கைல கால்ல வுழுந்து கேட்டுட்டேன். ஆதாரம் இருந்தா பாக்கலாம்ங்கறாரு. பேகா, சீக்கிரமா கேட்டுச் சொல்லு சார்."

டேட்டா பிரிவில் இருக்கும் சுஹாஸைக் கூப்பிட்டேன். ஏதோ கல்யாண வரவேற்பில் இருந்தான், பின்னால் நாதஸ்வரச் சத்தம். லேப்டாப் காரில்தான் இருக்கிறது, மமதா மேடம் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன் என்றான். மமதா எங்கள் வருமானப் பிரிவின் தலைவி. அவர் நம்பர் என் போனில் இருந்தது.

நான் மமதாவைக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி யார் வீட்டுப் பெட்டி என்பதாக இருக்கும். ஆப்பரேட்டரின் சொந்த வீடு. பதிவு செய்தது யார்? லாயிட். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தெரிந்தே ஆப்பரேட்டர் வீட்டில் பெட்டி போட்டு எண்ணைக் காட்டிய இதே குற்றத்துக்காக ஒயிட்ஃபீல்ட் பக்கத்து ஆபீசர் ஒருவனை வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் மனைவி நிக்கோல் சமையலறையிலிருந்து யார் போனில் என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன். பிறகு உட்கார்ந்து, 'அவசரம்' என்று மேலே போட்டு, முறைப்படி ஒரு மெயில் எழுதினேன். பெட்டி நம்பரை மட்டும் கொடுத்தேன், காரணத்தை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரும் அந்த மெயிலைப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அனுப்பியதும் ஒரு நிம்மதி வந்தது.

அண்ணா மறுபடி கூப்பிட்டார். "கேட்டிருக்கேண்ணா, வரும்," என்றேன். இன்னொரு முறை கூப்பிட்டார். அதையே சொன்னேன். மூன்றாவது முறை நான் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்குப் பதில் மெயில் வந்தது. ஒரே ஒரு வரி. பதினேழு ஐம்பத்திரண்டு, திரைப்படச் சேனலிலிருந்து விளையாட்டுச் சேனலுக்கு மாற்றம். சாயங்காலம் ஐந்து ஐம்பத்திரண்டு. அண்ணா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ராத்திரி பத்தேகால் வரைக்கும் அந்த ஊசியைப் போட்டிருக்கலாம்.

"பெட்டி ரெண்டு நாளா நெட்ல இல்லயாம்ணா. ஒரு தகவலும் இல்ல," என்று அவரிடம் சொன்னேன்.

ஜானகி அக்கா பதினோரு நாள் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அதிகாலை போய்விட்டார். நானும் தோள் கொடுத்தேன். கொடுக்க என்ன அருகதை என்று கேட்காதீர்கள், கொடுத்தேன்.

ஏரியா அண்ணாவிடமே இருக்கிறது. உள்ளறைப் பெட்டியை அவர் அணைக்கவே இல்லை, அதனால் மூன்று மாதம் முடிந்து அது உண்மையான இணைப்பு என்று கணக்கில் ஏறியும்விட்டது. ரிப்பேருக்குப் போகிறார், மாதப் பணம் வாங்குகிறார். பெட்டி விற்பதை மட்டும் விட்டுவிட்டார். நானும் கேட்பதில்லை. ஆனால் யாரைப் பார்த்தாலும் அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு மணிலேர்ந்து கெடந்திருக்கா. தண்ணி கேட்டிருப்பா. ஐயோ, நான் நடுவுல வெளிய போய் டீ குடிச்சிட்டு வந்து கை தட்டிக்கினு இருந்தேனே." மேட்சுக்கு எப்போது மாற்றினாள் என்பதற்கும் அவரே ஒரு பதில் வைத்திருந்தார். உள்ளே போன கையோடு மாற்றியிருப்பாள், மாற்றியதும் விழுந்திருப்பாள். படத்தின் பாட்டுச் சத்தம் கொஞ்ச நேரம் காதில் விழுந்தது என்று முதலில் நீங்களே சொன்னீர்களே என்று ஷில்பா நினைவுபடுத்தினால், அது பக்கத்து வீடு என்பார்.

போன வாரம் ஷில்பா எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"லாயிட் அண்ணா, அப்பா ஞாயித்துக்கெழமன்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு, அம்மா வுழுந்த எடத்துல போய்ப் படுத்துக்கிறாரு. வெறுந்தரையில. தண்ணி குடுத்தாலும் குடிக்க மாட்டேங்கறாரு. ஆறு நாப்பதுக்குத்தான் எழுந்திரிக்கிறாரு. அவ கெடந்த மாதிரி நானும் கெடக்கணும்ங்கறாரு. நாலு மாசமா இப்படித்தான். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நேற்று ஞாயிறு. மூன்று மணிக்குப் போனேன். ஷில்பா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அண்ணா உள்ளறையில் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா, அக்கா அஞ்சு மணி நேரம் கெடக்கல. அஞ்சு அம்பத்திரெண்டுக்குத்தான் சேனல் மாத்தியிருக்காங்க. அதுவரைக்கும் நல்லா இருந்திருக்காங்க. எங்ககிட்ட தகவல் இருக்கு."

அவர் அசையாமல் என்னைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு அம்பத்திரெண்டா? நெஜமாவா சார்?"

"ஆமாண்ணா."

"அப்ப முக்கால் மணி நேரந்தான். ஷில்பா! ஷில்பா, இங்க வாம்மா! அம்மா அவ்ளோ நேரம் கெடக்கலியாம்டி! முக்கால் மணி நேரந்தானாம்!"

அவர் சிரித்தார், அழுதார், என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லாருக்கணும் சார். என் தலையிலேர்ந்து ஒரு மலைய எறக்கி வச்சிட்ட," என்றார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அடுப்பைத் தொட்டிருக்கிறார் என்றாள் ஷில்பா. முன்னறையில் மூன்று பேரும் குடித்தோம். அண்ணா நிறுத்தாமல் பேசினார்.

"என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத்தான் மாத்தியிருக்கா, பாரேன். நான் பாக்குறதையே உள்ள ஒக்காந்து பாத்திருக்கா. கேட்டா டூட்டின்னுவா. திருடி. ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு அம்பத்திரெண்டு வரைக்கும் ஜம்னு படம் பாத்துட்டு..."

பேச்சு அங்கே நின்றது. அவர் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"சார், நாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது ஏழேகால்."

"ஆமாண்ணா."

"டாக்டர் நாலரை மணி நேரம்னாரு."

"ஆமா."

ஷில்பா தம்ளரை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணா குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னிக்கே கேட்டிருந்தா, எவ்ளோ நேரத்துல வந்திருக்கும் சார்?"

"அஞ்சு நிமிஷத்துல," என்றேன்.